நகல் எடுக்காத வெள்ளிக்கிழமை

எபனேசர் பதினோரு வருடம் கழித்து முள்ளிவிளைக்குத் திரும்பி வந்தபோது இரண்டு பேராக வந்தான். ஒரு வியாழக்கிழமை காலை, பத்தேகால் பேருந்தின் பின்படியில் ஒரு எபனேசர் கையில் கருவிப்பெட்டியோடு இறங்கி, நிறுத்தத்து வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்து, “இத இன்னும் வெட்டலியா?” என்று சிரித்தான். அவனுக்குப் பின்னால், அதே முகமும் இடது புருவத்தில் அதே தழும்பும் அதே கட்டம்போட்ட சட்டையுமாக இன்னொரு எபனேசர், ஒரு கறுப்புக் குடையை விரித்து முகம் மறையத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, இறங்கலாமா கூடாதா என்று படியிலேயே நின்றான். “எறங்கும்வே, ரெண்டு டிக்கெட்டும் முள்ளிவிளைக்குத்தான்” என்று நடத்துநர் சொன்ன பிறகு இறங்கினான். பேருந்து போயிற்று, புழுதி அடங்கிற்று. எதிர்க்கடைத் தங்கத்துரை அண்ணாச்சி ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்தார், சற்று யோசித்தார், இன்னொரு தம்ளரையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஊர் ஆச்சரியப்பட்டது அவ்வளவுதான்.

கீரைக்கட்டோடு சாலையின் இந்தப் பக்கம் நின்றிருந்த கிருபாவதி டீச்சருக்கு அந்த அளவு ஆச்சரியம்கூட வரவில்லை. வெட்கம்தான் வந்தது. உள்ளங்காலில் தொடங்கி, தேரிச் செம்மணலின் சூடு செருப்பைத் தாண்டி ஏறுவதுபோல ஏறி, காது மடலில் வந்து நின்றது. அவன் ஏன் இரண்டானான் என்று அந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவனை இரண்டாக்கிவிட்டு, கணினித் திரையை மட்டும் அணைத்துவிட்டுத்தான் அவள் கீரை வாங்க வந்திருந்தாள்.

முள்ளிவிளைக்கென்று ஒரு விக்கி இருந்தது. உலகத்துக்கெல்லாம் பொதுவான விக்கி இல்லை. இந்த ஊருக்கே ஆனது, இந்த ஊர் நூலகத்தின் பின்னறையில் ஒரு கணினியில் ஓடுவது, ஊரில் யார் வேண்டுமானாலும் திறந்து ஒரு வரி சேர்க்கலாம், ஒரு வரி திருத்தலாம். ஊர்க்காரர்கள் அதை ஏடு என்பார்கள். பாலிடெக்னிக்கில் கணினி சொல்லிக்கொடுத்த கிருபாவதியும், பேருந்து நிறுத்தத்துக்கு அருகே டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த எபனேசரும் சேர்ந்து அதை நிறுவினார்கள். கிணறுகள், பனைகள், புயல்கள், கோயில் மணி எந்த வருடம் விரிசல் விட்டது என்பதெல்லாம் அதில் இருந்தன. அவற்றைவிட முக்கியமாக, ஊரில் செத்துப்போனவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு படம், அகப்பட்டவர்களுக்கு ஒரு குரல். கடலுக்குப் போய் வராதவன் தன் மகளை விளையாட்டாக அதட்டியது, ஒரு கிழவி புட்டுக்கு மாவு இடிக்கும் பதம் சொன்னது, ஒருவர் இருமிவிட்டு “பதிவாகுதா?” என்று கேட்டது. நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நூலகத்தில் வரிசை நிற்கும். தன் ஆளின் குரலை ஒருமுறை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைப்பார்கள்.

அந்த விக்கியை நடத்தும் மென்பொருளை எழுதுகிறவர்கள் எங்கோ தூர தேசத்தில் இருந்தார்கள். ஆறு மாதத்துக்கொருமுறை ஓட்டைகளை அடைத்துப் புதிய பதிப்பொன்றை வெளியிடுவார்கள். அதை இறக்கிப் பழையதன்மேல் பொருத்த வேண்டும், இல்லையென்றால் கண்டவனும் உள்ளே வருவான். அதற்குக் கிட் என்று ஒரு கருவி. யார், என்றைக்கு, எந்த வரியை மாற்றினார்கள் என்று அது ஒவ்வொன்றையும் குறித்து வைத்துக்கொள்ளும். ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதியிருந்தால் எது சரி என்று தானாக முடிவுகட்டாமல், இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, மனிதரைப் பார்த்து நிற்கும். இதற்கும் மேலே, அவர்கள் இருவரும் தங்களுக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யார் புதுப்பித்தாலும் ஒரு குறிப்புக் கோப்பில் தன் கையால் ஒரு வரி எழுத வேண்டும்: தேதி, பெயர், பக்கங்களுக்கெல்லாம் நகல் எடுத்து வைத்தாயிற்றா இல்லையா. “நகல் எடுத்தாச்சா?” என்று எபனேசர் அவளைக் கேட்பான், அவள் அவனைக் கேட்பாள், தெருவில் எதிர்ப்பட்டால் மற்றவர்கள் சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிற மாதிரி அவர்கள் இதைக் கேட்டுக்கொண்டார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மறுநாள் வேதக்கோயிலில் அசனம். ஊர் முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறும் கறியும் உண்ணும் அந்த விருந்துக்கு முந்தின நாள் பெண்களெல்லாம் கோயில் வளாகத்தில் சின்ன வெங்காயம் உரிப்பார்கள். உரித்துக்கொண்டிருந்த கிருபாவதிக்கு அன்று புதுப்பிக்க வேண்டிய நாள் என்பது நினைவு வந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நூலகத்துக்கு ஓடினாள். அந்தக் கணினியில் அப்போது ஒரு நகலுக்குத்தான் இடம் என்பதால் வழக்கம்போலப் பழைய நகலை முதலில் அழித்தாள்; புதியதை எடுக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஜன்னலுக்கு வெளியே “டீச்சர், இன்னும் ரெண்டு சாக்கு கெடக்கு, எங்க ஒளிஞ்சீங்க?” என்று கூப்பிட்டார்கள். இந்த ஒருதரம்தானே என்று நகல் எடுக்காமல் புதுப்பித்தாள். பாதியில் மின்சாரம் போயிற்று. திரும்பி வந்தபோது கிணறுகள் இருந்தன, பனைகள் இருந்தன, புயல்கள் இருந்தன. செத்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் இன்னொருமுறை செத்திருந்தார்கள்.

அப்போதும் அவள் வழக்கத்தை விடவில்லை. தேதி போட்டு, ‘கிருபாவதி. நகல் எடுக்கவில்லை’ என்று எழுதிவிட்டுத்தான் எழுந்தாள். மறுநாள் அசனப் பந்தியில் ஊரார் முகங்களைப் பார்த்தாள். பந்தி முடிந்ததும் நூலகத்துக்கு வந்து வரிசை நிற்கப் போகிறவர்களின் முகங்கள், நெற்றியில் எண்ணெய் வைத்த முகங்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய், அந்த வரியில் ஐந்தெழுத்தை அழித்து ஐந்தெழுத்தை அடித்தாள். முந்தின வரி எழுதப்படவே இல்லை என்று காட்டுவதற்கும் ஒரு கட்டளை உண்டு, அதையும் கொடுத்தாள். ஊர்க் கமிட்டி வந்து திரையைப் பார்த்தபோது அதில் ‘எபனேசர். நகல் எடுக்கவில்லை’ என்று இருந்தது. எபனேசர் அந்த வரியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

“எங்க அப்பா குரலத் தொலைச்சவன்ட்ட எப்படில டிவியக் குடுக்க?” என்று ஊர் கேட்டது. நாலு மாதத்தில் கடை பூட்டியது. ஐந்தாம் மாதம் அவன் சூரத்துக்கு மில் மோட்டார் வேலைக்குப் போய்விட்டான். கிருபாவதி அதற்குப் பிறகு இருபத்திரண்டு முறை மென்பொருளைப் புதுப்பித்தாள். ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கு மூன்று நகல் எடுத்தாள். டீச்சரைப்போல ஜாக்கிரதையான ஆள் கிடையாது என்று ஊர் பேசிக்கொண்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வெங்காய வாசனை வந்தது.

அந்த வியாழக்கிழமை காலையில் எபனேசரின் தாய் சுந்தரக்கனி ஒரு பழைய மடிக்கணினியைச் சீலைத்துணியில் சுற்றி நூலகத்துக்குக் கொண்டுவந்தாள். “கட்டிலுக்கடியில கெடந்துச்சு டீச்சர். பெய பண்ணுன பாவத்துக்கு, தொலைஞ்சவங்கள்ல ரெண்டு பேராவது இதுக்குள்ள இருந்தா ஊருக்குக் குடுத்துறலாம்னு பாக்கேன்” என்றாள். அவள் போன பிறகு கிருபாவதி அதை நூலகக் கணினியோடு இணைத்து, அதில் உள்ளதை இதில் சேர்க்கச் சொன்னாள். செத்தவர்களில் ஒருவரும் அதில் இல்லை. ஏட்டின் மென்பொருளும் அந்தக் குறிப்புக் கோப்பும் மட்டும் இருந்தன. ஒவ்வொரு சாயங்காலமும் எபனேசரின் மடிக்கணினி நூலகத்திலிருந்து அந்தக் கோப்பைத் தானாக வாங்கிக்கொள்ளும்படி அவன் வைத்திருந்தான் என்பதை அவள் மறந்திருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அது வாங்கியிருந்தது. சனிக்கிழமை இங்கே பழைய வரி மாறியதும் வாங்குவதை நிறுத்தியிருந்தது. கிட், முரண் என்று சொல்லி, இரண்டு வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து நின்றது.

கிருபாவதி. நகல் எடுக்கவில்லை.
எபனேசர். நகல் எடுக்கவில்லை.

ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும்வரை ஏடு திறக்காது. அவள் எதையும் அழிக்கவில்லை. கீரை வாங்கப் போனாள். பேருந்து வந்தது.

சுந்தரக்கனி வாசலில் இரண்டு மகன்களையும் பார்த்து, “ஒத்தைக்கு அரிசி போட்டுட்டேனே” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் உலையில் இன்னொரு பிடி போட்டாள். பெற்றது ஒன்று, இருப்பது இரண்டு, அதற்கென்ன செய்ய என்பதுபோல இரண்டு பாய் விரித்தாள், இரண்டு துண்டு உலர்த்தினாள், அடுத்த நாளே எந்தத் துண்டு எவனுடையது என்று வாசனையில் சொன்னாள். ஊரும் அவளைப் பார்த்துப் பழகிக்கொண்டது. குடை எபி என்றும் பெட்டி எபி என்றும் பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். நாவிதர் இரண்டு தலையிலும் ஒரே இடத்தில் சுழி இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக முடிவெட்டினார். ரேஷன் கடைக்காரர் கார்டில் ஒரு பெயர்தான் இருக்கிறது என்று தாசில்தாருக்கு எழுதிப்போட, கார்டில் இருப்பவரா இல்லாதவரா, எவரைப் பற்றிக் கேட்கிறீர் என்று பதில் வந்தது. சபையை நடத்தும் கோயில் ஐயர் ராவிருந்தின்போது, திருவிருந்து மேசையில், இருவருக்கும் அப்பம் கொடுத்தார். பாடகர் குழுவில் பல வருடமாகக் கனத்த குரலுக்கு ஆள் இல்லாமல் இருந்தது, இப்போது ஒரே சுருதியில் இரண்டு பேர் கிடைத்தார்கள் என்று அவருக்குச் சந்தோஷம்கூட.

பெட்டி எபி வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தான். விசில் அடித்துக்கொண்டே மிக்ஸி, மின்விசிறி எல்லாம் சரி பண்ணினான். யாரும் தன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லையே என்றோ, தான் யாரிடமாவது கேட்க வேண்டுமோ என்றோ அவன் நினைத்ததாகத் தெரியவில்லை. அதனாலேயே ஊருக்கு அவன்மேல் ஒரு சடைவு இருந்தது. ஊரைக் கவர்ந்தவன் குடை எபிதான்.

முதலில் வந்தவள் ரோசம்மா. கடலுக்குப் போய் வராதவனின் மகள் அவள். அதட்டும் குரலைக் கேட்டுவிட்டுப் போய்ச் சமைத்துவந்தவள். குடைக்கு முன்னால் வந்து நின்று, “எங்க அப்பாவ ரெண்டாந்தரம் கொன்ன பாவி நீதானல?” என்றாள். குடைக்குள்ளிருந்து, “என் தப்புதான் அக்கா, எந்தப்புதான்” என்று குரல் வந்தது. அவள் பதினோரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் “எந்தப்புதான்” என்றான். அவள் முகம் தெளிந்து வீட்டுக்குப் போனாள். மறுநாள் ஒன்பது பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள், ஏட்டில் எந்தக் காலத்திலும் தம் ஆள் இல்லாதவர்களும் வந்தார்கள். ஆடு காணாமல் போனவன் வந்தான். “எந்தப்புதான் அண்ணாச்சி.” மகள் சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனதாகச் சொல்லி ஒரு தகப்பன் வந்தார். “எந்தப்புதான்.” மழை பெய்யாததற்கும், சபைத் தேர்தலில் தோற்றதற்கும், மாவு புளித்துப் போனதற்கும் அவன் தலைகுனிந்தான். பத்தேகால் பேருந்து தாமதமானால் நடத்துநரே இறங்கிவந்து அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். ஊரில் புருஷன் பெண்டாட்டி சண்டை குறைந்தது. எல்லாருக்கும் தூக்கம் நன்றாக வந்தது. குடை மட்டும் நாளுக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கிக்கொண்டே வந்து, அவனுக்குத் தெருவில் கால்களைத் தவிர வேறொன்றும் தெரியாமல் ஆயிற்று.

இத்தனையையும் கிருபாவதி நூலக ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போகிற வருகிறவர்கள், “டீச்சர், ஏடு எப்பத் தொறக்கும்?” என்று கேட்டார்கள். “ஒரு சின்ன முரண் இருக்கு” என்றாள். சின்ன என்ற சொல் நாக்கில் கசந்தது.

செவ்வாய்க்கிழமை பெட்டி எபி நூலக மின்விசிறியைப் பார்க்க வந்தான். நாற்காலிமேல் ஏறி நின்று திருகாணியைக் கழற்றினான். அவன் முகம் மேலே இருந்தது அவளுக்கு வசதியாக இருந்தது.

“எபி.”

“சொல்லுங்க டீச்சர்.”

“அந்த வரி ஒன் மடிக்கணினில இருந்துச்சு.”

“இருக்கும்.”

“நீ பாத்தியா?”

“அன்னைக்குச் சாயந்தரமே பாத்தேன்.”

“அப்ப ஏன் கமிட்டில காட்டல?”

திருகாணி ஒன்று கீழே விழுந்து உருண்டது. அவன் இறங்கி வந்து எடுத்தான். “நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

“எத்தன நாளு?”

“பஸ் ஏறுத வரைக்கும்.” திருகாணியை ஊதித் தூசி தட்டினான். “ஏறின பெறகும் கொஞ்ச நாளு. அங்க எவனாவது போன்ல ஊர்க் கத பேசுனா, இப்ப வரும் இப்ப வரும்னு கேட்டுட்டு இருப்பேன். பெறகு போன் வரவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல.” மறுபடி நாற்காலியில் ஏறிக்கொண்டான். “இந்தக் காயிலு போச்சு டீச்சர். மாத்தணும்.”

அவன் போன பிறகு அவள் கோயில் வளாகத்துக்கு நடந்தாள். அசனம் அந்த வாரம் சனிக்கிழமை என்பதால் வெங்காயச் சாக்குகள் வந்து இறங்கியிருந்தன. குடை எபி ஓரமாக உட்கார்ந்து, குடைக் காம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே உரிக்க ஆரம்பித்திருந்தான். அவள் எதிரே உட்கார்ந்தாள். அவன் அவள் கால்களைப் பார்த்து, டீச்சரா என்றான்.

“அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு” என்றாள்.

“எந்தப்புதான் டீச்சர். வெங்காயம் உரிச்சுட்டு இருந்தேன். ஞாபகம் வந்து ஓடுனேன். கைய முந்தானைல தொடச்சேன், வாசன போகல, கீபோர்டு கட்டைலல்லாம் ஒட்டுச்சு. ஜன்னலுக்கு வெளிய கூப்பிட்டாவ, ரெண்டு சாக்கு கெடக்குன்னு. இந்த ஒருதரம்தானேன்னு நெனச்சேன். கரண்டு போனப்ப ஃபேன் நிக்கித சத்தம் கேட்டுச்சு. அது முழுசா நிக்கித வரைக்கும் நான் மூச்சு விடல.”

ஆணின் வாயிலிருந்து முந்தானை என்ற சொல் வந்தது அவனுக்கு விநோதமாகப் படவில்லை. கிருபாவதி அதுவரை உயிரோடிருக்கும் எவரிடமும் சொல்லாத அந்த மின்விசிறிச் சத்தம், அவள் ஒருத்தி மட்டும் கேட்ட சத்தம், அவனிடம் பத்திரமாக இருந்தது. ஐந்தெழுத்தை மாற்றியபோது பெயரை மட்டும்தான் கைமாற்றினோம் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை முழுவதையும், வாசனையோடு, மூச்சோடு, இவன் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். பதினோரு வருடமும் சூரத்தில் ஏதோ ஒரு மில்லின் இரைச்சலுக்குள் இவன் அதைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறான்.

“குடைய மடக்கேன்” என்றாள்.

“கொக்கி துருப்பிடிச்சுப் போச்சு டீச்சர்” என்றான் அவன், அதற்கும் மன்னிப்புக் கேட்கிற குரலில்.

வெள்ளிக்கிழமை காலை கமிட்டி கூடியது. ஒரே ஆள் இரண்டாக இருப்பது பற்றி யாருக்கும் மனக்குறை இல்லை. ஆனால் அசனப் பந்தியில் குடும்பக் கணக்குப்படி இலை போட வேண்டும், சபைப் பதிவேட்டில் ஒரு எபனேசர்தான், ஆகையால் ஒருவனை வைத்துக்கொண்டு ஒருவனைப் பத்தேகால் பேருந்தில் அனுப்பிவிடுவது என்று பேச்சு வந்தது. யாரை வைத்துக்கொள்வது என்பதில் சந்தேகமே எழவில்லை. “குடைக்காரன் இருக்கட்டும்வே. தன்மையான ஆளு. அந்தப் பெட்டிக்காரனுக்குச் செஞ்ச தப்பு ஒறைக்கவே இல்ல, விசிலடிச்சிட்டு இருக்கான்” என்றார் தங்கத்துரை அண்ணாச்சி.

“பெத்தவள ஒரு வார்த்த கேக்கணும்லா” என்றார் ஐயர்.

சுந்தரக்கனி எழுந்து நின்றாள். “எவன அனுப்பச் சொல்லுதிய? ஒருத்தன் சிரிச்சா எனக்கு வகுறு குளுருது. இன்னொருத்தன் சோத்தப் பெசஞ்சிட்டே உக்காந்திருந்தா வகுறு எரியுது. ரெண்டும் எம் வகுறுதான்.” உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது எல்லாரும் கிருபாவதியைப் பார்த்தார்கள். ஊரில் பதிவு என்று ஒன்றிருந்தால் அது அவளிடம்தான். “டீச்சரு சொல்லட்டும். ஏட்டுல எந்த எபி இருக்கானோ அவன்தான் நம்ம எபி. நாளைக்குப் பந்திக்கு முன்னால சொல்லிரணும்” என்று முடிவாயிற்று. டீச்சர் எதையும் ஜாக்கிரதையாகத்தான் செய்வார் என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் தலையாட்டினார்கள்.

எபனேசர் பெயருள்ள வரியை அப்படியே விட்டுவிட்டு மற்றதை அழிக்க இரண்டு விசை போதும். பேருந்து பெட்டி எபியை ஏற்றிக்கொண்டு போய்விடும். அவளைத் தவிர உண்மை தெரிந்த ஒரே ஆள் போய்விடுவான். ஊர் நன்றாகத் தூங்கும். குடை இறங்கி இறங்கித் தரையைத் தொட்டுவிடும். அவள் இதை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். அன்று பகல் முழுவதும் நினைத்தாள், சனிக்கிழமை காலை தலைமுடியைச் சிக்கெடுக்கும்போதும் நினைத்தாள், நூலகப் பூட்டில் சாவியைத் திருகும்போதுகூட அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பெரிய துணிச்சலொன்றும் அவளுக்குள் எங்கிருந்தும் வந்துவிடவில்லை. கோயில் வளாகத்திலிருந்து தாளித்த வெங்காயத்தின் வாசனை வந்தது, அவ்வளவுதான். அது அவளுடைய வாசனை. அதை இன்னொருவன் கையில் கொடுத்திருந்தாள்.

கமிட்டிக்காரர்கள் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அவள் முதலில் மூன்று நகல் எடுத்தாள். இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை; டீச்சரின் முறை அது என்று கைகட்டி நின்றார்கள். பிறகு கோப்பைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, இரண்டு வரியையும் வாய்விட்டு வாசித்தாள். பிறகு எபனேசர் என்ற வரியை, கடைசி எழுத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். மீதி வரியின்கீழே, தேதி போட்டு, “முந்தின வரி என்னுடையது. மறுநாள் அதில் எபனேசர் பெயரை எழுதியதும் நான். கிருபாவதி. நகல் எடுத்தாயிற்று” என்று அடித்தாள். கிட் அதை ஏற்றுக்கொண்டது. ஏடு திறந்தது. திறந்த ஏட்டில் செத்தவர்களின் பக்கம் எப்போதும்போல வெறுமையாக இருந்தது.

கமிட்டிக்காரர்கள் திரையை நோக்கிக் குனிந்து அந்த வரிகளை ஒவ்வொருவராக வாசித்தார்கள். கடைசியில் தங்கத்துரை அண்ணாச்சி, கோபமே இல்லாமல், உண்மையிலேயே விளங்காத ஒரு குரலில் கேட்டார்: “அப்ப பதினோரு வருசமா நாங்க யாரத் திட்டிட்டு இருந்தோம் டீச்சர்?”

கோயில் வளாகத்தில் அந்த நேரம் குடை எபி இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கையிலிருந்த இலையைத் துடைத்து முடித்து அடுக்கின்மேல் வைத்தான், தொட்டியில் கை கழுவினான், முகர்ந்து பார்த்தான். பிறகு நூலகத்துக்கு நடந்து வந்து, விரித்த குடையை வாசற்படியில் வைத்தான். குடையில்லாத அவன் முகத்தை அப்போதுதான் ஊர் முழுசாகப் பார்த்தது. தூங்கியெழுந்த குழந்தையின் முகம்போல இருந்தது. வேப்பமரத்தடிக்குப் போய், மேசைக்கு எதிரே நின்று, பெட்டி எபியிடம் ஏதோ கேட்டான். பெட்டி எபி பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தான். அவன் உட்கார்ந்தான். அதன் பிறகு அந்தப் பெஞ்சில் ஒரு ஆள்தான் இருந்தான்; அவன் விசிலடிக்கவில்லை.

சுந்தரக்கனிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொடியில் கிடந்த இரண்டு துண்டில் ஒன்றை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். வெறும் சோப்பு வாசனை. நூலக வாசலில் நின்ற கிருபாவதியிடம் வந்து, “அவனையும் நான்தான வளத்தேன், ஒம்பது நாளு” என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனாள்.

கிருபாவதி குடையை எடுத்துக்கொண்டாள். வெயிலுக்காக அல்ல. பிடித்ததும் அது தானாகவே தாழ்ந்தது. கோயில் வரைக்கும் கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பித்தவெடிப்புக் கால்கள், மெட்டி தேய்ந்த கால்கள், முப்பத்தைந்து வருடமாக முகத்தை வைத்து அடையாளம் கண்ட ஊரை இனிமேல் கால்களை வைத்துக் கற்றுக்கொள்ள வேண்டும். பந்தியில் கடைசி இலைக்கு முந்தின இலையில் உட்கார்ந்தாள். பக்கத்து இலைக்கு ஆள் வரவில்லை. சோறு விழுந்தது, கறி விழுந்தது.

இரண்டு கால்கள் வந்து அவளுக்கு எதிரே நின்றன. வலது பெருவிரலில் நகம் இல்லை, ரோசம்மா.

“அப்பாவுக்கு எம் பேரு சொல்ல வராது டீச்சர். ரோசு, ரோசுன்னு அதட்டுவாரு. இப்ப அந்த அதட்டு எப்படி இருக்கும்னு எனக்கு மறந்து போச்சு” என்றாள் ரோசம்மா. “நீங்க கேட்டிருக்கீங்கள்லா. ஒங்களுக்காவது ஞாபகம் இருக்கா?”

நினைவிருக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பேரின் குரலையும் கேட்டுச் சேர்த்தவள் அவள். ஒன்றுகூட நினைவிருக்கவில்லை, மின்விசிறி நிற்கும் சத்தம் தவிர.

“இல்லம்மா,” என்றாள். “என் தப்புதான்.”

அந்த இரண்டு சொல்லும் இத்தனை நாள் அந்த ஊரில் எத்தனையோ தடவை சொல்லப்பட்டவை. ஆனால் இப்போது ரோசம்மாவின் முகம் தெளியவில்லை. அவள் வீட்டுக்கும் போகவில்லை. அங்கேயே, அந்தக் காலி இலைக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கு அப்பால் வேறு கால்கள் வந்து நின்றன, அவற்றுக்குப் பின்னால் வேறு கால்கள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் நின்றதுபோல வரிசை நின்றது.

பரிமாறிக்கொண்டு வந்த எபனேசர் அவள் இலைக்கருகே வாளியை வைத்தான். “குடைய மடக்குங்க டீச்சர். இலைல நெழலு விழுது, சோறு எதுன்னு தெரியல.”

அவள் கொக்கியை அழுத்தினாள். நகரவில்லை. துருவின் பொடி விரலில் ஒட்டியது. எந்தப் பழுதையும் பார்த்த மாத்திரத்தில் கை நீட்டுகிற அவன், பழக்கத்தில் கையை நீட்டினான். பிறகு கையை இழுத்துக்கொண்டு, வாளியைத் தூக்கி, அடுத்த இலைக்குப் போனான்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் இடது கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கைப் பெருவிரலால் அந்தக் கொக்கியை மறுபடி அழுத்தினாள், மறுபடியும் அழுத்தினாள்.